ஆண்டவரும் ஆண்டையும்: தஞ்சைக் கிறிஸ்தவத்தில் தாழ்மை

1

தாழ்மை என்பது கிறிஸ்தவத் தமிழின் செல்லச் சொல். பிரசங்கம், ஜெபம், கீர்த்தனை, கல்லறைக் கல் என்று எங்கே திரும்பினாலும் அது நிற்கும். கடவுள் முன்னால் மனுஷன் தூசு. முழங்கால்படியிடு, உன்னைத் தாழ்த்து. இதிலே என்ன தப்பு என்று கேட்கலாம். சொல்லில் தப்பில்லை. அது எந்த மண்ணில் வந்து இறங்கியது, யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள் மிராசுதாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டான். அவனே கிறிஸ்தவனானபோது கடவுளை 'ஆண்டவரே' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டும் 'ஆள்' என்கிற ஒரே வேரில் கிளைத்தவை. சபைப் பணிக்குப் பெயர் 'ஊழியம்'. திருவிதாங்கூரில் அந்தச் சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். ஜெபிக்கிறவர் தன்னை 'அடியேன்' என்கிறார். 1843ஆம் வருஷத்துச் சட்டம் அடிமை முறைக்கான அங்கீகாரத்தை நீக்கும்வரை, இந்தப் பக்கத்தில் 'அடிமை' என்பது உவமை இல்லை. ஓலையில் எழுதி விற்கப்பட்ட உயிருள்ள ஆள். பக்தி மொழி எப்பவுமே ஆட்சி மொழியிடம் கடன் வாங்கித்தான் பேசும். சைவத்திலும் வைணவத்திலும் அப்படித்தான். ஆகவே கிறிஸ்தவத்தை மட்டும் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஆனால் கடன் வாங்கிய சொல்லோடு கடன்காரனும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'தாழ்' என்கிற வினையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தாழ்தல் தன்வினை. தாழ்த்துதல் பிறவினை. தாழ்த்தப்படுதல் செயப்பாட்டுவினை. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தாழ்த்துகிறவரும் தாழ்கிறவரும் ஒருவரே. உயரத்தில் இருந்தவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் தானாகவே இறங்குகிறார். கிறிஸ்தவ இறையியல் தாழ்மை என்று கொண்டாடுவது இந்த இறக்கத்தை. அப்படியானால் ஏற்கனவே பிறரால் தாழ்த்தப்பட்டவனிடம் போய் 'உன்னைத் தாழ்த்து' என்றால் என்ன அர்த்தம்? அவன் இறங்குவதற்குப் படி எங்கே இருக்கிறது? செயப்பாட்டுவினையைத் தன்வினையாக மாற்றி, நடந்த கொடுமையைப் புண்ணியமாக வாசிக்கச் சொல்லும் இலக்கணப் பிழை இது. தஞ்சைக் கிறிஸ்தவத்தின் முந்நூறு வருஷ வரலாற்றில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதைத் திருத்தியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

2

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே டேனிஷ்காரர்கள் கும்பிட 1701லேயே சீயோன் ஆலயம் இருந்தது. தமிழர்களுக்கென்று 1707இல் சின்னதாக ஒன்று கட்டி, பிறகு 1718இல் சிலுவை வடிவத்தில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார்கள். வெள்ளைத் தோலுக்கு ஒரு கோயில், கறுப்புத் தோலுக்கு ஒரு கோயில். கறுப்புத் தோலுக்கான கோயிலுக்குள் சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். கடவுள் முன்னால் எல்லோரும் தூசு என்பது சரி. ஆனால் தூசியிலும் தரம் பிரித்துப் பாய் போட்டார்கள்.

இந்தச் சபையில் வந்து சேர்ந்த ஒருவர் இராஜநாயக்கன். கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடியில் அச்சான வேத புத்தகத்தைப் படித்து, 1720களின் இறுதியில் லூத்தரன் பக்கம் வந்தார். இதில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒரு பறையர், அச்சிட்ட புத்தகத்தைத் தானே படித்துத் தானே ஒரு முடிவுக்கு வருகிறார். முழங்கால்படியிடுவதற்கு முன்னால் அவர் செய்த காரியம் வாசிப்பு. பட்டாளத்து வேலையை விட்டுவிட்டு உபதேசியாராகித் தஞ்சைச் சீமை முழுக்க அலைந்தார். எதிர்ப்பு, அடிதடி எல்லாம் பார்த்தார்.

தரங்கம்பாடி மிஷன் 1733இல் ஆரோனையும் 1741இல் தியோகுவையும் குருவாக அபிஷேகம் செய்தது. இரண்டு பேரும் வேளாளர். இராஜநாயக்கனின் பெயரும் பேச்சில் இருந்தது. தகுதியில் அவருக்குக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனாலும் அபிஷேகம் செய்யவில்லை. காரணம், பறையர் கையால் இராப்போஜனம் வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மிஷனெரிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1771இல் சாகிறவரை இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இராப்போஜனம் என்பது கிறிஸ்தவ வழிபாட்டின் நடுமையம். நொறுக்கப்பட்ட ஒரு உடலை அப்பமாக வாங்கித் தின்கிற சடங்கு. ஊருக்கு வெளியே, குற்றவாளிகளோடு குற்றவாளியாக, தீட்டுப்பட்டுச் செத்த ஒருவனின் உடல் அது. அந்த உடல் வேணும். அதை நீட்டுகிற கை மட்டும் வேண்டாம். இது வேளாளரின் தனிப்பட்ட பாசாங்கு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. மேலே பார்த்துக் குனிகிற தாழ்மை எவ்வளவு வேண்டுமானாலும் சாத்தியம். கடவுள் முன்னால் குனிவதால் யாருக்கும் சாதி போவதில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் கை நீட்டி வாங்குகிற தாழ்மைதான் சாதியைத் தொடுகிறது. அதனால்தான் முதலாவதில் தாராளம், இரண்டாவதில் கஞ்சத்தனம்.

3

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774-1864) இந்த இடத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலியிலிருந்து சிறுவனாகக் கூட்டிவந்து வளர்த்த பிள்ளை. தமிழ் கிறிஸ்தவ இசையில் அவர் தொடாத வடிவமில்லை. இன்றைக்கும் டெல்டாவில் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணமோ சாவோ அவர் பாட்டில்லாமல் நடப்பதில்லை.

சாஸ்திரியாரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியை ரசித்த இரண்டாம் சரபோஜி மன்னர், பெரிய கோயில் பிரகதீஸ்வரர்மீதும் அப்படி ஒன்று பாடச் சொன்னாராம். இவர் மறுத்துவிட்டாராம். இயேசுவைத் தவிர வேறு யாரையும் பாட மாட்டேன் என்று மன்னர் முகத்துக்கு நேரே சொன்னாராம். கதையின் விவரங்கள் எப்படி இருந்தாலும் அது நினைவில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சரபோஜிமீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலிலேயே ஆடப்பட்டது. புலவன் என்றால் புரவலனைப் பாடுகிறவன் என்ற காலத்தில் ஒருவர் மாட்டேன் என்கிறார். வழிபாடு என்பதன் விடுதலைப் பக்கம் இதுதான். ஒரே ஒருவர் முன்னால் மட்டும் மண்டியிடுவேன் என்று சொல்கிறவர், மற்ற எவர் முன்னாலும் மண்டியிடாமலிருக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறார். தானியேல் ஆகமத்தில் பொற்சிலைக்குப் பணியாத மூன்று வாலிபர்கள் செய்தது இதைத்தான். தாழ்மைக்குள்ளே நிமிர்வு ஒளிந்திருக்கிறது.

பெத்லகேம் குறவஞ்சியைப் பிரித்தால் இன்னும் சுவாரஸ்யம். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. பெத்லகேம் நாதர்மேல் காதல்கொண்டு வாடுகிறாள். குறி சொல்ல வரும் சிங்கி, விசுவாசம். குறவஞ்சி மரபில் குறத்தி வந்து தலைவியின் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் குறி சொல்வாள். அரண்மனைப் பெண்ணின் கையை, மலையிலிருந்து கூடையோடு வந்த நாடோடிப் பெண் தொடுகிற அபூர்வமான கணம் அது. தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் மேல் கீழ் இடம் மாறுகிற சில இடங்களில் ஒன்று. அந்த வடிவத்தை எடுத்த சாஸ்திரியார், திருச்சபைக்கு உயர்குடிப் பெண்ணின் உடலையும் விசுவாசத்துக்குக் குறத்தியின் உடலையும் கொடுத்திருக்கிறார். விசுவாசம் கீழேயிருந்து வரும்; வந்து உன் கையைத் தொடும்; தொட்டால்தான் உனக்கு வழி தெரியும். கவிதை இதைச் சொல்கிறது. கவிஞருக்கு இது தெரிந்திருந்ததா?

1820களின் கடைசியில் ஹௌப்ரோ என்கிற புதிய மிஷனெரி தஞ்சை சபையில் சாதி வித்தியாசத்தை ஒழிக்கக் கிளம்பினார். கலந்து உட்கார வேண்டும், கலந்து இராப்போஜனம் எடுக்க வேண்டும் என்றார். சாஸ்திரியார் எதிர்த்தார். சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்கிற பொருளில் தலைப்பு வைத்து எழுதினார். சாதி என்பது ஊர் வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மிஷன் வேலையையும் இழந்தார். மன்னருக்கு வளையாத முதுகு, மிஷனெரிக்கும் வளையாத முதுகு, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிற பறையருக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்காரவும் வளையவில்லை. எழுதிய குறவஞ்சியில் தொட்ட கை, உட்கார்ந்த ஆலயத்தில் தொடவில்லை.

4

இங்கே ஒரு அவசர முடிவுக்குப் போக வேண்டாம். மிஷனெரி முற்போக்கு, சாஸ்திரியார் பிற்போக்கு என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் வைத்த புகார்கள் சாதியோடு நிற்கவில்லை. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவை விலக்குகிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள் என்றும் புகார்கள் இருந்தன. இவையெல்லாம் நியாயமான புகார்கள். ஐரோப்பிய மெட்டில் பாடினால்தான் கடவுளுக்குக் கேட்கும் என்பது என்ன தாழ்மை? அது காலனியத் திமிர். கொடுமை என்னவென்றால், பூவும் பாட்டும் சாதியும் ஒரே மனுவில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. பண்பாட்டைக் காப்பாற்றுகிறேன் என்கிற நியாயமான குரலுக்குள் சாதியைக் காப்பாற்றுகிற குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு 'நம் மரபு', 'சுதேசியம்' என்று பேசுகிற நண்பர்கள் இந்த மனுவை ஒருதடவை நினைத்துக்கொள்வது நல்லது.

எதிர்ப்பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சபைகளில் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்றார். 1835இல் தஞ்சைக்கே வந்தார். சொன்ன விஷயம் சரியானது, சந்தேகமில்லை. ஆனால் அது மேலேயிருந்து வந்த ஆணை. ஆணையிட்டவர்கள் தங்கள் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. வெள்ளைக்கார மிஷனெரி பறையர் சேரியில் சம்பந்தம் வைக்கப்போவதில்லை. வேளாளரைப் பார்த்துப் பறையரோடு சேர்ந்து உட்காரச் சொன்னவர்கள், தமிழரோடு தாங்கள் சமமாக உட்காருவதைப் பற்றிப் பேசவில்லை. விளைவு? தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் கறார் காட்டாத லைப்சிக் லூத்தரன் மிஷன் 1840களில் தரங்கம்பாடிக்கு வந்ததும் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாதிக்கு ஏற்ற சபை என்று சந்தை பிரிந்தது.

தஞ்சைச் சின்னக் கோட்டையில் 1779இல் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் ஒரு சலவைக்கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சரபோஜி சொல்லி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உருக்கமான சிற்பம். மன்னர் ஐயரின் கையைப் பிடித்ததற்குச் சலவைக்கல் கிடைத்தது. இராஜநாயக்கனின் கையிலிருந்து அப்பம் வாங்க மறுத்ததற்கு எந்த ஆலயத்திலும் கல் இல்லை. நினைவுச் சின்னம் வைக்கிறவர்கள் எந்தக் கைகளை நினைவில் வைக்கிறார்கள் என்பதும் ஒரு இறையியல்தான்.

5

ஆலயத்தைவிட்டு வயலுக்கு வருவோம். கிறிஸ்தவத் தாழ்மை அடிமைகளின் அறம், பலவீனத்தைப் புண்ணியமாக்கிய கீழோரின் தந்திரம் என்று 1887இல் நீட்ஷே எழுதினார். நீட்ஷே கீழத்தஞ்சைப் பக்கம் ஒருதடவை வந்திருந்தால் மாற்றி எழுதியிருப்பார். இங்கே தாழ்மையைப் புகழ்ந்தவர்கள் அடிமைகள் இல்லை, ஆண்டைகள். அடக்கமான ஆள், விசுவாசமான ஆள் என்று மெச்சியது அவர்கள்தான். சொன்ன பேச்சுக்குக் குனியாதவனுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும். 'விசுவாசம்' என்கிற சொல்லையும் கவனியுங்கள். சபையில் கடவுளுக்கு, பண்ணையில் ஆண்டைக்கு, வீட்டில் நாய்க்கு.

இந்த முதுகுகளை நிமிர்த்தியது எது என்று கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1940களில் பி. சீனிவாச ராவும் மற்றத் தோழர்களும் சேரிக்குள் வந்து தங்கிக் கட்டிய விவசாயிகள் சங்கம்தான் முக்கியமான காரணம். கர்நாடகத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் சேரியில் உட்கார்ந்து அங்கே ஆக்கியதைச் சாப்பிட்டார். கடவுளை நம்பாதவர் பவுல் எழுதிய அந்த இறக்கத்தை இறங்கிக் காட்டினார் என்று நான் சொன்னால் கம்யூனிஸ்டுகளும் கோபிப்பார்கள், பாதிரிமாரும் கோபிப்பார்கள். பரவாயில்லை. அவர் இறங்கினார், இவர்கள் நிமிர்ந்தார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. இறங்க வேண்டியவர் இறங்கினால் நிமிர வேண்டியவர் நிமிரலாம் என்பதற்கு டெல்டா கொடுத்த நிரூபணம் இது.

நிமிர்ந்ததற்கு விலையும் இருந்தது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அது கிறிஸ்துமஸ் இரவு. தேதி தற்செயல்தான்; அதை வைத்துக் கண்ணீர் நாடகம் போட வேண்டியதில்லை. ஆனால் மாட்டுக் கொட்டிலில் பிறந்தவரின் தாழ்மையைப் பற்றி ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசங்கம் நடக்கிற வட்டாரத்தில், அந்த ராத்திரியைத் தவிர்த்துவிட்டு அந்தப் பிரசங்கத்தை எப்படி முடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

6

இதெல்லாம் பழைய கதை, இப்போது சபை மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கு என்ன நடந்தது என்று நினைவில்லையா? கும்பகோணம் மறைமாவட்டத்துக்குட்பட்ட கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் கல்லறையிலும் பாகுபாடு என்று தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதி இல்லை. அதை மாற்றச் சொல்லித் திருச்சபைகள் டெல்லியில் போராடுகின்றன. எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது என்று அங்கே சொல்கின்றன. சரியான போராட்டம். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அதே வாய், ஆண்டவருக்குள் நமக்குச் சாதி ஏது என்கிறது.

பெரிய வியாழன் அன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுகிறார். எஜமான் அடிமையின் வேலையைச் செய்த கதையின் நினைவு அது. இதைவிடத் துணிச்சலான சடங்கு வேறு எந்த மதத்திலும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். துணிச்சலை ஒருநாள் சடங்காக்கி அடைத்துவைத்ததுதான் சாமர்த்தியம். கழுவிய கை மறுநாளே பங்குப் பேரவைப் பட்டியலையும் கல்லறைச் சாவியையும் எடுத்துக்கொள்கிறது. தாழ்மை என்பது வருஷத்தில் ஒரு சாயங்காலம் நடக்கும் காரியமாகிவிட்டால், மிச்ச 364 நாளுக்கும் அது ஆண்டைக்குப் பாதுகாப்புப் பத்திரம்.

மாற்று இல்லையா? இருக்கிறது, அதுவும் இசையிலிருந்தே வந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், 2005இல் மறைந்தார். சாஸ்திரியார் மாதிரியே ஐரோப்பிய வழிபாட்டோடு சண்டை போட்டவர். தமிழ்ப் பாட்டுக்காக நின்றவர். ஆனால் அவர் எடுத்தது கர்நாடக ராகத்தை இல்லை. நாட்டுப்புற மெட்டையும் பறையையும் பேச்சுத் தமிழையும். நற்கருணையை அவர் 'ஒரே உலை' என்று விளங்கிக்கொண்டார். ஒரு குடும்பம் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுபோல் சபை சாப்பிட வேண்டும் என்றார். 1829இல் ஒரே கயிற்றில் கட்டியிருந்த பாட்டையும் சாதியையும் அவிழ்த்துப் பிரித்துப் போட்டார். பண்பாட்டைக் காப்பாற்றுவதற்குச் சாதியைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று காட்டினார். அப்பம் தூர தேசத்துப் பண்டம். அதை வெள்ளைத் தட்டில் வைத்து நாசூக்காக வாங்கிக்கொண்டு போய்விடலாம். உலைச்சோறு அப்படி இல்லை. யார் பொங்கினார்கள், யார் பரிமாறினார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள் என்கிற கேள்விகள் நெல் விளைகிற இந்த மண்ணில் தப்பிக்க முடியாத கேள்விகள்.

விசுவாசிகளிடம் கடவுள் முன்னால் மண்டியிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. மண்டியிட்டு எழுந்தவர்களில் சிலர் நேராக நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இராஜநாயக்கன் காட்டியிருக்கிறார். நான் சொல்வது இவ்வளவுதான். தாழ்மையைப் பிரசங்கிக்க ஒரு திசை இருக்கிறது: மேலே இருப்பவனைப் பார்த்துச் சொன்னால் அது சுவிசேஷம், கீழே இருப்பவனைப் பார்த்துச் சொன்னால் அது பண்ணைச் சட்டம். ஒரு சபையின் ஆராதனை உண்மையா என்று தெரிந்துகொள்ள அதன் முழங்கால்களைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அப்பத்தை யார் நீட்டுகிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று கைகளைப் பாருங்கள். அதன் பிறகு, கல்லறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.